இரட்டையாய்த் தெரிவதெல்லாம் இரட்டை அச்சல்ல

வணிகவியல் படிக்கிற ஒருவன் காசைப் பற்றி எழுதுகிறான் என்றால் வட்டி, பணவீக்கம், ரொக்கப் புத்தகம் என்று எதையாவது போட்டு அறுப்பான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். பயப்படாதீர்கள், இது அது இல்லை. இது காசின் முகத்தைப் பற்றிய கட்டுரை. ஓர் அமெரிக்க ஒரு சென்ட் காசில் ஆண்டும் எழுத்தும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது லட்சக்கணக்கில் விலை போகுமா, இல்லை வெறும் ஒரு சென்ட்தானா? அதை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

"என்கிட்ட அமெரிக்கக் காசே இல்லையே, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நம்மூரில் கப்பலுக்குப் போனவர், வெளிநாட்டில் வேலை பார்த்தவர் என்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். அவர்கள் வீட்டில் பிஸ்கட் டப்பா ஒன்றில் பலநாட்டுச் சில்லறை கிடக்கும். அந்த டப்பாக்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. என் சொந்த அத்தையின் வளையல் இதனால் அடகுக் கடைக்குப் போக இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் விஷயம்.

சிகரெட் பாக்கெட்டில் வந்த புதையல்

1955-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை. லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசுகளை இரவு வேலையில் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடின. அதில் ஒன்றிலிருந்து விழுந்த காசுகளில் ஆண்டும், 'லிபர்ட்டி' என்ற சொல்லும், தலைக்கு மேலே உள்ள 'இன் காட் வி டிரஸ்ட்' என்ற வாசகமும் இரண்டு இரண்டாக இருந்தன. லேசாக இல்லை. கண்ணாடி போடாத தாத்தாவுக்கே தெரியும் அளவுக்கு.

பரிசோதகர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தக் காசுகளில் 20,000-க்கும் மேல் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. கலந்த குவியலோ சுமார் ஒரு கோடி காசு. இருபதாயிரத்தைப் பிடிக்க ஒரு கோடியையும் உருக்குவதா? கணக்குப் போட்டுப் பார்த்து, போனால் போகட்டும் என்று வெளியே விட்டுவிட்டார்கள். (செலவுக் கணக்கியல் படித்தவர்கள் இந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள்.)

பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்தில் அங்கே சிகரெட்டை இயந்திரத்தில் காசு போட்டு வாங்குவார்கள். பாக்கெட் விலை 23 சென்ட். இயந்திரத்தில் போடுவதோ 25 சென்ட் காசு. மீதி 2 சென்ட்டை எப்படிக் கொடுப்பது? பாக்கெட்டைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளுக்குள்ளேயே இரண்டு ஒரு சென்ட் காசுகளைச் செருகி வைத்துவிடுவார்கள். புத்தம் புதிய இரட்டைக் காசுகள் பல அப்படித்தான் சிகரெட்டோடு மக்கள் கைக்கு வந்து சேர்ந்தன. இன்று அந்தக் காசு தேய்ந்த நிலையிலேயே ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

இதற்குப் பெயர்தான் டபுள் டை, அதாவது இரட்டை அச்சுக் காசு.

ரப்பர் ஸ்டாம்ப் கணக்கு

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இரட்டை அடி இல்லை, இரட்டை *அச்சு*. காசை இரண்டு முறை அடித்ததால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

காசை அடிக்கும் எஃகு அச்சுக்கு டை என்று பெயர். அதில் எழுத்துகள் குழிவாகவும் இடவலம் மாறியும் இருக்கும். இந்த டையை ஒவ்வொரு முறையும் யாரும் கையால் செதுக்குவதில்லை. காசைப் போலவே எழுத்து மேடாக உள்ள இன்னோர் எஃகுத் துண்டு உண்டு. அதற்கு ஹப் என்று பெயர். ஹப்பை டை ஆகப்போகும் எஃகின் மேல் பெரும் விசையோடு அழுத்துவார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் உருவம் முழுசாகப் பதியாது. அழுத்திய எஃகு இறுகியும் போய்விடும். அதனால் அதை உலையில் சூடாக்கி இளக்கி, மறுபடி அதே ஹப்பை அதே இடத்தில் வைத்து அழுத்த வேண்டும்.

'அதே இடத்தில்' என்பதில்தான் சிக்கல். இரண்டாவது முறை ஹப் ஒரு மயிரிழை திரும்பி உட்கார்ந்தால் போதும், அந்த டையில் எழுத்து இரண்டாக விழுந்துவிடும். அதன் பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசும் இரட்டைதான். (1990-களில் ஒரே அழுத்தில் முடிக்கும் முறைக்கு அமெரிக்க நாணயச்சாலை மாறியது. அதன் பிறகும் சின்னச் சின்ன இரட்டைகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் 1955 மாதிரி ராட்சச இரட்டைக்கு வாய்ப்பு குறைவு.)

இது புரிய நம் கல்லூரி ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் முத்திரை கோணலாகத் தெரிய நான்கு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, ஸ்டாம்ப் செய்த கடைக்காரரே எழுத்தை இரண்டு முறை வெட்டிவிட்டார். அப்படியென்றால் எல்லா மாணவர்களின் சான்றிதழிலும் ஒரே மாதிரி இரட்டை இருக்கும். இதுதான் இரட்டை அச்சு.

இரண்டு, ஸ்டாம்ப் ஒழுங்காகத்தான் இருக்கிறது. குத்திவிட்டு எடுக்கும்போது கிளார்க்கின் கை இழுத்துவிட்டது. காசில் இதற்கு மெஷின் டபுளிங் என்று பெயர். காசை அடித்து முடித்த கணத்தில் தளர்ந்திருக்கும் டை துள்ளியோ நகர்ந்தோ, அப்போதுதான் பிறந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும்.

மூன்று, ஸ்டாம்ப் பழசாகிவிட்டது. எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கிப் பரவிவிட்டது. லட்சக்கணக்கில் அடித்துத் தேய்ந்த டையிலிருந்து வரும் காசும் அப்படித்தான், எழுத்தைச் சுற்றி நிழல் மாதிரி இன்னொரு கோடு தெரியும்.

நான்கு, சான்றிதழ் நன்றாகத்தான் வந்தது. நீங்கள்தான் பையில் வைத்து டீயைக் கொட்டிவிட்டீர்கள். காசில் இது தேய்மானம், அடி, கீறல், அமிலம், நசுங்கல் எல்லாம்.

நான்கிலும் முத்திரை 'சரியில்லாமல்' தெரியும். விலை மதிப்பு இருப்பது முதலாவதற்கு மட்டும். ஆகவே காசைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி "இரட்டையாகத் தெரிகிறதா?" என்பது இல்லை. "இது *எப்போது* இரட்டையானது?" என்பதுதான். காசு பிறப்பதற்கு முன்பா, பிறக்கும்போதா, பிறந்த பிறகா?

அத்தையின் டப்பா

இப்போது அந்தக் கதை. என் அத்தை தூத்துக்குடியில் இருக்கிறார். மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், ஹூஸ்டன், பால்டிமோர் என்று பல துறைமுகம் பார்த்தவர். மாமா இப்போது இல்லை. அவர் கொண்டுவந்த சில்லறை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

போன வருடம் அத்தை செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். "உங்கள் வீட்டில் இந்தக் காசு இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!" என்ற வகை. அதில் இருந்த எண்ணுக்கு டப்பாவில் இருந்த காசுகளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் பதில். "1969, எஸ் எழுத்துப் போட்ட காசு. டபுள் டை. எட்டு லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம். பதிவுக் கட்டணம் 750 ரூபாய் அனுப்புங்கள்." அனுப்பிவிட்டார். அடுத்த நாள், "பணம் தயார், வரி 12,500 ரூபாய் கட்டினால் உடனே விடுவித்துவிடுவோம்." கையில் பணம் இல்லை. சனிக்கிழமை வளையலை அடகு வைப்பதாகத் திட்டம். அத்தை மகனுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம் வேறு.

வியாழக்கிழமை எனக்கு ஃபோன் வந்தது.

"ஏய்யா, நீ பி.காம்தான படிக்க? இந்தக் காசு நெசமாவே எட்டு லட்சம் போகுமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

பி.காமில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லை என்று அத்தைக்கு எப்படிப் புரிய வைப்பது? :-) அன்று இரவே பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஆள் ஏமாற்றுக்காரன் என்பதை நான் வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். வாங்குகிறவன் விற்கிறவரிடம் பணம் கேட்டால் அவன் வாங்குகிறவனே இல்லை, அதற்கு லென்ஸ் தேவையில்லை. ஆனால் அத்தைக்கு அது மட்டும் போதாது என்று தெரியும். "அவன் திருடனாவே இருக்கட்டும், காசு நெசமா இருந்தா வேற ஆளுக்கு விக்கலாம்லா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. உண்மையில் 1969-எஸ் இரட்டை அச்சு என்று ஒன்று இருக்கிறது. அது 1955-ஐ விடவும் அரிது, பல பத்தாயிரம் டாலருக்குப் போயிருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் முழுப் பொய் சொல்வதில்லை என்பதை இங்கே கவனியுங்கள். ஆக, காசைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை அண்ணாச்சியிடம் அவர் கண்ணில் மாட்டும் லென்ஸை இரவல் வாங்கினேன். மேஜை விளக்கு ஒன்று. காசை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். செல்போன் படத்தை நம்பவே கூடாது. பளபளப்பான உலோகத்தில் வெளிச்சம் பட்டாலோ கை நடுங்கினாலோ படத்தில் எல்லாமே இரட்டையாகத்தான் விழும்.

முதல் பார்வைக்கு எனக்கே திக்கென்றது. 1969-இல் இருந்த 9 இரட்டையாகத்தான் தெரிந்தது!

ஐந்து சோதனைகள்

*1. எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா?* டையிலேயே எழுத்து இரண்டு முறை பதிந்தால் இரண்டும் சேர்ந்து வழக்கத்தைவிட அகலமாக இருக்கும். மெஷின் டபுளிங்கிலோ புதிதாக எதுவும் சேர்வதில்லை. இருக்கிற எழுத்தின் ஓரம் நசுங்குகிறது, அவ்வளவுதான். எனவே மொத்த அகலம் கூடாது, மேலே நிற்கும் எழுத்து மெலிந்து போயிருக்கும். இதைத் தனியாகப் பார்த்தால் தெரியாது, ஒப்பிட வேண்டும். நல்ல வேளையாக டப்பாவில் எஸ் எழுத்து இல்லாத இன்னொரு 1969 இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அத்தை காசில் 9-இன் உடம்பு ஒல்லியாக இருந்தது.

*2. வட்டமா, படியா?* உண்மையான இரட்டையில் இரண்டாவது எழுத்துக்கும் முதல் எழுத்தைப் போலவே உருண்டையான மேடு இருக்கும். மெஷின் டபுளிங்கில் தட்டையாக, பளபளவென்று, வீட்டு வாசல்படி மாதிரி ஒரு தளம்தான் இருக்கும். உலோகம் வழித்துத் தள்ளப்பட்டதால் வரும் தட்டை அது. அத்தை காசில் இருந்தது வாசல்படி.

*3. மூலையில் பிளவு இருக்கிறதா?* ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் முனைகளில் சின்னக் கால் மாதிரி நீட்டல் இருக்கும் இல்லையா? ஹப் இரண்டு முறை விலகிப் பதிந்திருந்தால் அந்த முனைகள் மீன் வால் மாதிரி பிளந்து தெரியும். 'லிபர்ட்டி'யின் டி, ஒய் எழுத்துகளில் தேடலாம். அத்தை காசில் பிளவு எங்கும் இல்லை.

*4. எஸ் எழுத்தும் இரட்டையா?* எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது என்று அர்த்தம். 1990-க்கு முன்னால் இந்த ஊர் எழுத்து ஹப்பில் இருக்காது. டை தயாரான பிறகு, தனியாக ஓர் ஆள் கையால் உளி வைத்துத் தட்டிப் பதிப்பார். ஆக, ஹப் நகர்ந்ததால் வந்த இரட்டை என்றால் ஆண்டும் வாசகமும்தான் இரண்டாக வேண்டும், பிறகு வந்து சேர்ந்த எஸ் ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும். உண்மையான 1969-எஸ் இரட்டை அச்சில் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டோடு சேர்ந்து எஸ்ஸும் அதே பக்கமாக இரட்டையாகத் தெரிந்தால், காசு அடிபட்ட நொடியில் எல்லாம் சேர்ந்து நசுங்கியது என்று அர்த்தம். அத்தை காசில் எஸ்ஸுக்கும் வாசல்படி இருந்தது. இந்த ஒன்றே தீர்ப்பு.

*5. உடன்பிறப்பு இருக்கிறதா?* ஒரே டையில் அடித்த காசுகள் எல்லாம் உடன்பிறந்தவை. இரட்டை மட்டுமல்ல, டையில் இருந்த கீறல், தழும்பு எல்லாமே அவற்றில் ஒரே இடத்தில் இருக்கும். 1955 காசுக்கே எடுத்துக்கொண்டால், பின்பக்கம் உள்ள 'சென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான டி-யின் இடது கைக்குக் கீழே மெல்லிய கீறல்கள் இருக்கும். போலிகளைப் பிடிக்க அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிறந்த குழந்தையின் மச்சம் மாதிரி. பில் ஃபிவாஸும் ஜே.டி. ஸ்டான்டனும் தொகுத்த 'செர்ரிபிக்கர்ஸ் கைடு' போன்ற புத்தகங்களில் இந்த வகைகளுக்குப் படமும் எண்ணும் கொடுத்துவைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தோடு பொருந்தாத காசு அந்த வகை இல்லை.

டப்பாவில் இருந்த மற்ற காசுகளையும் பார்த்துவிட்டேன். அவையும் பாடம்தான். சிலவற்றில் லிங்கனின் கன்னமும் தலைமுடியும் வழவழவென்று இருந்தன. இது சாதாரணத் தேய்மானம். தேய்மானம் மேடான இடத்தில் தொடங்கி எல்லாவற்றையும் *குறைக்கும்*. அது ஒருபோதும் இன்னோர் எழுத்தை உண்டாக்காது. இன்னொரு காசில் ஆண்டின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு தட்டை. எதன் மீதோ மோதி உலோகம் ஒதுங்கியிருக்கிறது. அடி பட்ட இடத்தில் ஒரு பக்கம் பள்ளம் என்றால் பக்கத்தில் ஒதுங்கிய உலோகம் மேடாக நிற்கும். 1984 காசு ஒன்றில் எழுத்தோரம் கொப்புளம் மாதிரி வெள்ளைக் கோடு. 1982 நடுவில் இந்தக் காசுகளைத் துத்தநாகத்தில் செய்து மேலே மெல்லிய செம்புப் பூச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பூச்சு கிழிந்தால் உள்ளே இருக்கும் துத்தநாகம் வெள்ளையாகத் தெரியும், பார்க்க இரட்டை மாதிரி இருக்கும். (1984-இல் லிங்கனின் காது இரட்டையான உண்மையான வகை ஒன்றும் உண்டு. அதையும் பார்த்தேன். மாமாவின் லிங்கனுக்குக் காது ஒன்றுதான்.)

இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்று வைத்து பட்டறை வைஸில் இறுக்கி 'அபூர்வம்' என்று விற்பவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எளிது. அப்படிப் பதிந்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியும், மேடாக இல்லாமல் குழியாகவும் இருக்கும்.

"எனக்கும் தெரியுது, உனக்கும் தெரியுது"

அத்தையிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

"அவன் ரெண்டா தெரியுதுன்னு சொன்னான். எனக்கும் ரெண்டாத்தான் தெரியுது. ஒனக்கும் தெரியுதுங்க. பொறவு என்ன?"

பதில் சொல்லச் சிரமமான கேள்வி இது. அத்தையின் கண்ணில் கோளாறு இல்லை, காசில் உண்மையாகவே இரண்டாவது கோடு இருக்கிறது. லென்ஸை அத்தை கண்ணில் மாட்டி, முதலில் 9-ஐக் காட்டினேன், பிறகு எஸ்ஸைக் காட்டினேன். எஸ் பிறகு வந்து சேர்ந்த எழுத்து என்பதைச் சொன்னேன். ரப்பர் ஸ்டாம்ப் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ இது ஸ்டாம்ப் கோளாறு இல்ல. கை இழுத்துட்டு."

அவ்வளவுதான். நான் இத்தனை பத்தியில் எழுதியதை அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் முகம் வாடித்தான் போனது. எட்டு லட்சம் ஒரு வாரமாக அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறது. ஃபீஸ், கூரை ஒழுகல், பழைய கடன் என்று எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்தும் ஆகிவிட்டது. லென்ஸ் வைத்து அதைக் கலைத்தவன் நான். அன்று இரவு சாப்பாடு போடும்போது அத்தை அதிகம் பேசவில்லை.

வளையல் அடகுக்குப் போகவில்லை. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்தோம். 750 ரூபாய் இதை எழுதும் வரை திரும்பி வரவில்லை. ஃபீஸுக்கு அத்தை வேலை பார்க்கும் இடத்தில் முன்பணம் வாங்கினார். மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தனித்துவத்துக்கு விலை இல்லை

இனி கொஞ்சம் என் பாடம். (இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இதையும் தாங்கிக்கொள்ளுங்கள்.)

உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்குத்தான் அதிக விலை என்று நினைக்கிறோம். யோசித்துப் பாருங்கள், அத்தையின் 1969-எஸ் காசு மாதிரி துல்லியமாக அதே இடத்தில் அதே அளவு நசுங்கிய இன்னொரு காசு உலகத்தில் கிடையாது. அது ஒன்றே ஒன்றுதான். அதற்கு விலை ஒரு சென்ட். 1955 இரட்டைக் காசோ இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே வந்தது. அதற்கு விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

ஏன்? ஒரு பொருளுக்குச் சந்தை வேண்டுமென்றால் அதற்குப் பெயர் வேண்டும், அடையாளம் வேண்டும், "போன மாதம் இதே பொருள் இத்தனைக்குப் போனது" என்று சொல்ல இன்னொன்று வேண்டும். உடன்பிறப்பு உள்ள கோளாறுக்கு இதெல்லாம் உண்டு. ஒற்றைக் கோளாறுக்கு எதுவும் இல்லை. அரிதாக இருந்தால் மட்டும் போதாது, எது அரிது என்பதில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். உண்மையான இரட்டை அச்சாகவே இருந்தாலும் நிறையக் கிடைத்தால் விலை இறங்கிவிடும். 1995 இரட்டை அச்சு நூற்றுக்கு நூறு உண்மையானது, ஆனால் புதுக்கருக்கு அழியாத காசுக்கே பொதுவாகச் சில பத்து டாலர்தான்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் மோசமான பொருள் நல்ல பொருளைச் சந்தையை விட்டே துரத்திவிடும் என்றார். 2001-இல் நோபல் பரிசும் வாங்கினார். நாணயச் சந்தையிலும் அதே பயம் இருந்தது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற, காசைச் சோதித்துத் தரம் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் 1980-களின் நடுவில் முளைத்ததற்குக் காரணம் அதுதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டாம், மூன்றாவது ஆளை நம்பினால் போதும்.

அத்தை விஷயத்தில் இது தலைகீழ். பொருள் அத்தையிடம், தெரியாதவரும் அத்தைதான். வெறும் படத்தைப் பார்த்தவன் 'தெரிந்தவன்' ஆகிவிட்டான். ஏமாற்றுக்காரன் விற்றது காசை இல்லை, 'எனக்குத் தெரியும்' என்ற தோரணையை.

தெரிந்தவர்களே தடுமாறிய கதையும் உண்டு. இரண்டு பேர் போலியாக 1969 இரட்டைக் காசுகள் செய்து அமெரிக்காவில் புழக்கத்தில் விட்டார்கள். அதில் எஸ் எழுத்து இருக்காது. அந்தக் கள்ளக் காசுகளைத் துரத்திய சீக்ரெட் சர்வீஸ், அதே சமயத்தில் கிடைத்த உண்மையான 1969-எஸ் இரட்டைக் காசுகளையும் போலி என்று பறிமுதல் செய்தது. அது நாணயச்சாலையே அடித்த காசு என்று பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அப்படி இருக்கும்போது மங்கலான வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து அரை மணி நேரத்தில் எட்டு லட்சம் சொல்பவரை என்னவென்று சொல்வது?

இது இங்கே ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. பழைய காசு, நோட்டு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக் கட்டணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. இந்த வியாபாரத்தில் தனக்குத் தொடர்பு இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அனுமதி கொடுத்ததும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இனிமேல்தான் அதிகம்

அமெரிக்காவில் புழக்கத்துக்கான ஒரு சென்ட் காசு அடிப்பதை 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்திவிட்டார்கள். 2024 நிதியாண்டில் ஒரு சென்ட் காசு செய்ய 3.69 சென்ட் செலவானதாம். நஷ்டக் கணக்குக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது. ஆனால் இதன் பக்க விளைவு என்னவென்றால், "இனிமேல் கிடைக்கவே கிடைக்காத காசு!" என்று புதுப் புது வீடியோக்கள் கிளம்பும். கோடிக்கணக்கில் அடித்த சாதாரணக் காசு, அடிப்பதை நிறுத்தியதால் மட்டும் அபூர்வமாகிவிடாது.

அப்படி யாராவது உங்கள் அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ ஆசை காட்டினால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இதே டையில் அடித்த இன்னொரு காசின் படத்தைக் காட்ட முடியுமா? ஊர் எழுத்து ஒற்றையா, இரட்டையா? வாங்குகிற நீங்கள் எதற்காக என்னிடம் பணம் கேட்கிறீர்கள்?

முதல் இரண்டுக்கும் லென்ஸ் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம். அதையே முதலில் கேட்டுவிடலாம்.